நீங்கள் 'உஷார்' என்று அனுப்பிய பெண்ணைப் பற்றி

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் அக்காவைக் கைப்பிடித்த ஒரே காரணத்தால் உங்கள் குடும்பக் குழுவில் ஆயுள் உறுப்பினனாக இருந்துவரும் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம். அங்கே நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஆணிக் கடையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஃபோனின் சௌக்கியத்தை மட்டும் நான் விசாரிக்கவில்லை. அது நன்றாக வேலை செய்வது நான்கு தெருவுக்குத் தெரிகிறது.

உங்களை 'டேய் மச்சான்' என்றே கூப்பிட்டுப் பழகியவன் இன்று 'அவர்கள்' போட்டு எழுதுவதிலிருந்தே என் கோபம் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொண்டிருப்பீர்கள். இதை ஃபோனிலேயே சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொன்னேன். பலன் இல்லை என்பது கீழே வரும். தவிர, ஃபோனில் எதைச் சொன்னாலும் நீங்கள் அதைப் பாதியாக வெட்டி, தலையில் ஒரு சிவப்பு விளக்கு வைத்து, அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிடுவீர்கள். கடிதத்தில் அந்த வசதி கிடையாது. கடிதத்தை இன்னொருவருக்கு அனுப்ப வேண்டுமென்றால் எழுந்து போய் உறை வாங்கி, முகவரி எழுதி, ஒட்டி, தபால் பெட்டி வரைக்கும் வெயிலில் நடக்க வேண்டும். நடக்கும்போது பாதி வழியில் புத்தி வந்துவிடும். மனிதர்கள் பல நூற்றாண்டுகள் ஒருவரையொருவர் அடித்துக் கொல்லாமல் ஓரளவு பிழைத்துக் கிடந்ததற்கு அந்த நடைதான் காரணம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் நிர்வாகியாக இருந்து காத்துவரும் 'அன்புக் கூடு' குழுவில் உங்கள் கையால் ஒரு வீடியோ வந்து விழுந்தது. அரை நிமிடம்கூட ஓடாத வீடியோ. அதில் கறுப்பு அங்கியும் முகத்திரையும் அணிந்த ஒரு முஸ்லிம் பெண், கடைத்தெருவில், கையில் ஒரு கனமான பெட்டியோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்து போகிறார். அவ்வளவுதான். நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் நடந்துதான் போனார். ஓடவில்லை, ஒளியவில்லை, யாருடைய குழந்தையையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆனால் பின்னால் யாரோ முரசு அடிக்கிறார்கள். முரசு அடித்தால், மனிதன் வாழைப்பழம் உரிப்பதுகூடக் கொலை முயற்சி மாதிரித்தான் இருக்கும். மேலே கொட்டை எழுத்தில்: 'பெண் வேடத்தில் ஆண்! நடையைப் பாருங்கள்! ஷூவைப் பாருங்கள்! பெட்டியில் என்ன? நம் பகுதியில் நடமாட்டம்! தாய்மார்களே உஷார்! உறுதிசெய்யப்பட்ட தகவல்! ஒருவரையும் விடாமல் பகிரவும்!' கீழே உங்கள் பங்குக்கு ஒரு கும்பிடு. இத்தனை ஆச்சரியக்குறிகளைத் தாங்கி நின்ற உண்மை ஒன்றைக்கூட என் வாழ்நாளில் நான் சந்தித்ததில்லை.

இது முதல் தடவையும் இல்லை. போன மாதம் பூங்காவில் பர்தா அணிந்த பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ரகசியக் கூட்டம் நடத்துவதாக ஒரு படம் அனுப்பினீர்கள். பக்கத்துக் குளத்தில் பிள்ளைகளுக்கு நீச்சல் வகுப்பு. வகுப்பு முடியட்டும் என்று தாய்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள். வட்டமாக உட்கார்ந்ததற்குக் காரணம், அங்கே போட்டிருக்கும் பெஞ்சே வட்டம். அதற்கு முன்னால், ஆஸ்பத்திரியை முழுசாக அவர்களே பிடித்துக்கொண்டார்கள் என்று ஒரு தாழ்வாரத்தைக் காட்டினீர்கள். அது பார்வையாளர் நேரம். நானும் உங்கள் அக்காவும் அந்தப் படத்தில் ஒரு ஓரத்தில் பிளாஸ்குடன் நிற்கிறோம். எங்களை யாரும் 'உஷார்' சொல்லவில்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு. இரண்டையும் நான் எழுதிச் சொன்னேன். நீங்கள் கட்டைவிரலைக் காட்டினீர்கள். நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதுதான் தெரிகிறது, அது 'படிக்கவில்லை' என்பதற்கான குறி.

வெள்ளிக்கிழமைக்குத் திரும்புகிறேன். உங்கள் வீடியோ வந்த கொஞ்ச நேரத்தில் உங்கள் சித்தப்பா, 'அவனைப் பிடித்துவிட்டார்களாம்' என்றார். யார் பிடித்தது, யாரைப் பிடித்தது, எங்கே வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்டதற்கு, 'எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்' என்றார். எல்லாரும் என்றால் நாம் எல்லாரும்தான். நமக்குச் சொன்னவர் அவர்தான். பிறகு சித்தி, தங்கள் தெருவில் ஒரு குழந்தையைக் காணோம் என்றார். காணாமல் போனது அவருடைய சொந்தப் பேரன்தான் என்றும், அவன் கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு இதே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தான் என்றும் மத்தியானம் தெரியவந்தது. தெரிந்த பிறகும் காணாமல்போன செய்தியை யாரும் நீக்கவில்லை. கிடைத்த செய்தியை யாரும் பகிரவில்லை. கிடைத்துவிட்ட குழந்தையால் யாருக்கு என்ன பிரயோசனம்? சாயங்காலம் நீங்களே அடுத்த படத்தை அனுப்பினீர்கள். திறந்த பெட்டி, உள்ளே சிவப்பு வெல்வெட், வெல்வெட்டில் பெரிதும் சிறிதுமாகப் பளபளக்கும் பித்தளை உருளைகள். 'பெட்டியில் சிக்கிய வெடிகுண்டுகள்!'

இந்த நேரத்தில்தான் உங்கள் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து வீடியோவை நிதானமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது நீங்கதானே?"

"என்னது?"

"நடையப் பாருங்க. வலது தோள் கீழ இறங்கியிருக்கு, இடது கை காத்துல போகுது. முப்பது வருஷம் வாசல்ல நின்னு பாத்த நடை. எனக்குத் தெரியாதா?"

"நான் எதுக்குடி பர்தா போட்டுக்கிட்டு கடைத்தெருவுல நடக்கணும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

வேடிக்கைக்குச் சொன்னாள் என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் உங்கள் சித்தி வேடிக்கைக்குச் சொல்லவில்லை. 'நடை நம்ம மாப்பிள்ளை நடை மாதிரி இல்லியோ?' என்று குழுவில் கேட்டார். அதற்குச் சித்தப்பா, 'ரிட்டயர் ஆனவங்களுக்கு வீட்ல பொழுது போகாதுதான்' என்று பெருந்தன்மையாக என்னை மன்னித்தார். அன்று இரவு சாப்பாட்டுக்குள், எடையளவு ஆய்வாளராகப் பணியாற்றி, ஒரு கெட்ட பெயரும் வாங்காமல் ஓய்வுபெற்ற நான், வேடம் போட்டுக் குழந்தை பிடிக்கிறவன் என்ற சந்தேகத்துக்கு என் மனைவியின் குடும்பத்தில் ஆளாகியிருந்தேன். இதற்கும் நீங்கள் ஒரு கட்டைவிரல் காட்டியிருக்கிறீர்கள். அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் குழுவில் வந்தவற்றிலேயே துப்பு என்று சொல்லத்தக்கது உங்கள் அக்கா சொன்னது மட்டும்தான். அது என் நடையேதான். என் சர்வீஸ் முழுவதும் கடை கடையாக ஏறி இறங்கும்போது வலது கையில் சோதனை எடைக்கற்கள் பெட்டி இருக்கும். பெட்டி கனத்துக்கு வலது தோள் இறங்கும், இடது கை தானாக வெளியே போய்ச் சமன் செய்யும். இன்றும் எனக்குச் சட்டை தைக்கிற டெய்லர் வலது தோளில் கொஞ்சம் கூடுதலாகத் துணி வைத்துத்தான் தைக்கிறார். அந்தப் பெட்டியைத் தூக்கினால் ஆணானாலும் பெண்ணானாலும், மந்திரியானாலும் சாமியாரானாலும், அப்படித்தான் நடந்தாக வேண்டும். அது ஆண் நடையும் இல்லை, பெண் நடையும் இல்லை. இருபது கிலோவின் நடை. அந்த வெல்வெட் உருளைகளும் எடைக்கற்களே. அவை வெடித்து நான் பார்த்ததில்லை. அவற்றைப் பார்த்ததும் கடைக்காரர்கள் வெடித்துத்தான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. கடைக்காரரின் கல்லில் 'ஒரு கிலோ' என்று பொறித்திருக்கும். நாங்கள் அதைப் படித்துவிட்டுக் கும்பிட்டுவிட்டு வந்துவிட மாட்டோம். எதிர்த் தட்டில் எங்கள் கல்லை வைப்போம். முள் நடுவில் நின்றால்தான் முத்திரை. கல்லில் 'ஒரு கிலோ' என்று எழுதியிருப்பது, கல் ஒரு கிலோ என்பதற்கு அத்தாட்சி ஆகாது. செய்தியில் 'உறுதிசெய்யப்பட்டது' என்று எழுதியிருப்பதும் அப்படித்தான். அதை எழுத ஒரு விரல் போதும்.

சனிக்கிழமை காலை கிளம்பினேன். இந்தப் பகுதியில் தராசு பழுது பார்க்கும் கம்பெனிகள் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கம்பெனிக்குள் நுழைந்ததும் நான் தேடி வந்தது கிடைத்துவிட்டது. முதலாளி மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். அவர் தலைக்கு மேல், சட்டம் போட்ட ஒரு பெரிய படம். சிவப்பு வெல்வெட், பித்தளை உருளைகள், மேல் மூலையில் விளக்கொளி பட்ட ஒரு வெள்ளைப் புள்ளி. உங்கள் 'வெடிகுண்டுகள்' படத்தில் உள்ள அதே வெள்ளைப் புள்ளி.

"இது உங்க படம்தானே?" என்றேன்.

"நம்ம விளம்பரப் படம் சார். நல்ல ஆள வெச்சு எடுத்தது. என்ன ஒரு பளபளப்பு பாத்தீங்களா?"

"இதத்தான் வெடிகுண்டுன்னு எல்லாருக்கும் அனுப்பறாங்க."

"பாத்தேன் சார். வயிறு எரிஞ்சுது."

"பொய்னு நீங்க ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே?"

"எப்படி சார்? போட்டா நம்ம கம்பெனி படம்னு வெளிய தெரிஞ்சுடுமே!"

விளம்பரப் படம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று அஞ்சும் ஒரு முதலாளியை நான் பார்த்தது அன்றுதான். பின்பக்க மேசையில், அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் போட்ட தராசுகளுக்கு நடுவில், முகத்திரை அணிந்த ஒரு பெண் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு எடைக்கல்லைத் தட்டின் நடுவில் வைத்துப் பார்த்தார். பிறகு நான்கு மூலைகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். நடுவில் யோக்கியமாக இருந்து மூலையில் பொய் சொல்லும் தராசுகள் உண்டு; அவசரக்காரர்களுக்கு அது தெரியாது. மேசைக்குக் கீழே, நீங்கள் ஊரெல்லாம் காட்டிய அந்த ஷூ. நான் யாரென்று சொன்னதும் எழுந்து நின்றார். துறைக்காரன் என்றால் இன்னும் ஒரு மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

"இந்த ஷூ எதுக்கும்மா?" என்றேன், காரணம் தெரிந்தாலும். எதிர்த் தட்டில் கல்லை வைக்காமல் விடக் கூடாது அல்லவா?

"இருபது கிலோ இரும்புக் கல்லு கால் மேல விழுந்தா செருப்பு தாங்குமா சார்? கம்பெனி குடுத்தது. இந்த ஷூ பொம்பளைங்க அளவுல வராதாம். ஆம்பளைங்க அளவுலயே சின்னதா ஒண்ணு பாத்துக் குடுத்தாங்க. உள்ள ரெண்டு சாக்ஸ் போட்டிருக்கேன், அப்பவும் ஆடுது."

"வீடியோவப் பாத்தியாம்மா?"

"எங்க அண்ணனே எனக்கு அனுப்பிச்சான் சார். 'உஷாரா இரு, இவன் உன் ஏரியாவுலதான் சுத்தறான்'னு."

"அப்புறம்?"

"'டேய், அது நான்தான்டா'ன்னேன். 'இருந்தாலும் உஷாரா இரு'ங்கறான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்தாரா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்து அவர் சொன்னதில் சிரிப்பு இல்லை. வீடியோ சுற்றியதால், முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அவரை வெளி வேலைக்கு அனுப்பவில்லை. சில கடைக்காரர்கள் கூப்பிட்டு, 'அந்த ஆளை அனுப்பாதீங்க' என்றார்களாம். ஆள் என்றால் அவர்தான். அன்று காலை ஒரு கடைக்குப் போகும்போது பஸ்ஸில் ஒருவன் எதிர் சீட்டில் உட்கார்ந்து அவர் ஷூவையே படம் எடுத்துக்கொண்டு வந்தானாம். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாராம். "கோபம் வரலியாம்மா?" என்றேன். "வருது சார். ஆனா கோபத்தோட இந்த ஸ்குரூவத் திருப்பினா எடை மாறிடுது. எல்லாத்தையும் மறுபடி முதல்லேர்ந்து பண்ண வேண்டியிருக்கு" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

முதலாளி என்னைப் படிக்கட்டு வரை கொண்டுவந்து விட்டார். "வேலைல ஒரு குறை சொல்ல முடியாது சார். எல்லாம் பொய்னு எனக்குத் தெரியும். ஆனா கஸ்டமருக்குத் தெரியணுமே. அடுத்த வாரம் தராசுக்கெல்லாம் கவர்மென்ட் முத்திரை குத்தற முகாம் ஆரம்பிக்குது, எல்லாக் கடைக்கும் ஆள் போகணும். அதுக்குள்ள இந்தப் பேச்சு அடங்கலன்னா வேற ஆளப் போட்டுத்தான் ஆகணும். பாவம்" என்றார். இந்தப் 'பாவம்' யாரைப் பற்றியது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. ஆனால் வாசல்படி இறங்கும்போதுதான் அந்தப் பெண் பின்னாலேயே வந்து ஒன்று சொன்னார். "சார், அந்த வீடியோல பின்னால ஒரு ஆணிக் கடை வருது பாருங்க. அன்னிக்கு அங்கதான் தராசு பாத்துட்டு வெளிய வர்றேன். அந்த ஓனர் நல்லவரு, வருஷா வருஷம் டீ சொல்வாரு. அவருகிட்ட கேட்டா நான் யாருன்னு சொல்வாரு."

அந்த நல்லவர் யாரென்று உங்களுக்குப் புரிந்திருக்கும். உடனே டயர் கடை வாசலில் நின்றபடியே உங்களைக் கூப்பிட்டேன். நாம் பேசியது உங்களுக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

"வீடியோவ முழுசா பாத்தியா?"

"பாக்கல அத்தான். உஷார்னு போட்டிருந்துச்சு. பாத்துட்டு அனுப்பறதுக்குள்ள எவனுக்காவது ஏதாவது ஆயிட்டா?"

"இப்பப் பாரு."

பார்த்தீர்கள். முரசுச் சத்தம் எனக்கும் கேட்டது.

"அத்தான், பின்னால நம்ம கடை போர்டு மாதிரி தெரியுதே."

"உன் கடைதான்."

"அட, இது நம்ம தராசுப் பொண்ணு! தங்கமான பொண்ணாச்சே அத்தான்! அது பெட்டிய எனக்குத் தெரியாதா?"

"அந்தத் தங்கத்தத்தான் ஆம்பளைன்னு அனுப்பி வெச்சிருக்க."

"நான் எங்க சொன்னேன்? வந்தத அனுப்பினேன்."

"சரி, பொய்னு குழுவுல போடு. அது வேலை போகப்போகுது."

"போடலாம் அத்தான்... ஆனா அட்மினே தப்பா அனுப்பிட்டான்னு ஆச்சுன்னா, நாளைக்கு நான் நல்லது சொன்னாக்கூட எவன் கேப்பான்?"

நீங்கள் இதுவரை சொன்ன நல்லதைப் பட்டியல் போட எனக்குத் தபால் செலவு அதிகம் ஆகாது. இருந்தாலும் கௌரவம் என்று ஒன்று உங்களுக்கு இருக்கிறது, அதைக் காப்பாற்றுவோம் என்று நானே மறுப்பு எழுதினேன். நடை ஏன் சாய்கிறது, ஷூ ஏன் பெரிது, படம் யாருடையது, உருளைகள் என்ன, எல்லாவற்றையும் விளக்கி, ஐயம் உள்ளவர்கள் என்னோடு நேரில் வரலாம் என்று முடித்தேன். சித்தி ஒரு பூங்கொத்து அனுப்பினார். யாரோ எனக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். அன்று என் பிறந்தநாள் இல்லை. சித்தப்பா மட்டும் முழுவதும் படித்தார் போலிருக்கிறது. 'நல்ல விளக்கம். இருந்தாலும் நெருப்பில்லாமல் புகையுமா?' என்றார். புகையை மூட்டுகிறவனே கையைத் துடைத்துக்கொண்டு 'நெருப்பில்லாமல் புகையுமா' என்று கேட்கிற காலம் இது. 'இருந்தாலும்' என்ற ஒரு சொல் இல்லாவிட்டால் இந்தக் குழுவில் பாதிப் பேர் எப்போதோ உண்மைக்குத் தலைவணங்கியிருப்பார்கள். இருந்தாலும் உஷார், இருந்தாலும் சொல்ல முடியாது, இருந்தாலும் காலம் கெட்டுக் கிடக்கிறது. காலம் தானாகவா கெட்டது? அதுபாட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. தினம் காலையில் எழுந்து கெடுக்கிறவர்கள் நாம்தானே?

இதோடு நிற்கவில்லை. தங்கச்சி உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றாள், ஆகையால் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தூறல் விழுந்ததே, அப்போது உங்கள் மனைவி கறுப்பு மழைக்கோட்டும் முகத்தைச் சுற்றித் துப்பட்டாவும் ஹெல்மெட்டுமாக ஸ்கூட்டரில் உங்கள் கடைக்கு வந்திருக்கிறாள். கடைக்கு முன்னாலேயே, உங்கள் கடையில் மூட்டை இறக்குகிறவர்களே வழிமறித்து, "மூஞ்சியக் காட்டு, நீ ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அவள் முகத்தைக் காட்டவில்லை. வாயைத் திறந்தாள். "உங்க முதலாளி எங்கடா?" என்ற ஒரு கேள்வியில் கூட்டம் கலைந்தது. அவளுக்கு அந்தக் குரல் இருந்தது, கேட்பதற்கு ஒரு முதலாளியும் இருந்தான். பஸ்ஸிலிருந்து பாதி வழியில் இறங்கி நடந்தவருக்கு யார் இருக்கிறார்கள்? உங்களை நல்லவர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார், பாவம். இந்தப் 'பாவம்' யாரைப் பற்றியது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னய்யா நினைச்சுக்கிட்டு இருக்கே நீ? டீ வாங்கிக் குடுத்த கையாலதானே அனுப்பினே? அந்தக் கண்ணு ஒரு அரை நிமிஷம் திறந்து பாத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? கோபத்தில் மரியாதை தவறிவிட்டது. திருத்திக்கொள்கிறேன். என்னய்யா நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் நீங்கள்?

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் கீழ்க்கண்ட மறுப்பை ஒரு எழுத்து மாறாமல் குழுவில் போட்டு, நீங்கள் அந்த வீடியோவை அனுப்பிய மற்ற எல்லா இடங்களுக்கும் அனுப்பி, பிறகு டயர் கடை மாடிக்கு நேரில் போய் அந்த முதலாளியிடமும் சொல்ல வேண்டியது: 'அன்புக் கூடு குழுவின் நிர்வாகியாகிய நான், கடந்த வெள்ளிக்கிழமை, பார்க்காமலும் யோசிக்காமலும், என் சொந்தக் கடை வாசலில் எடுக்கப்பட்டது என்பதைக்கூட அறியாமலும், ஆண்டுதோறும் என் தராசைச் சரிபார்க்கும் ஒரு பெண்மணியை ஆண் என்றும், அவருடைய எடைக்கற்களை வெடிகுண்டுகள் என்றும், அத்தானை அவர் என்றும் தவறாகக் கருதும்படி நடந்துகொண்டமைக்காக, அப்பெண்மணியிடமும், என் அத்தானிடமும், பொதுமக்களிடமும் நிபந்தனையின்றி மன்னிப்புக் கேட்டுக்கொள்வதோடு, இனி எதையும் பார்த்த பிறகே அனுப்புவேன் எனவும் உறுதி கூறுகிறேன்.' இதைப் போடாத பட்சத்தில் நான் குழுவை விட்டு விலகுவேன். உங்கள் அக்காவும் விலகுவதாகச் சொல்ல இருக்கிறாள். இன்னும் அவளிடம் கேட்கவில்லை.

தங்கச்சிக்கு என் ஆசிகள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, தந்தையைப் போல் அல்லாமல், கண் திறந்திருக்கும்போதே விரலை அசைக்கும் பாக்கியம் பெற்று நீடூழி வாழ வேண்டும் என்று பிரார்த்திக்கிறேன். உங்களுக்கும் என் ஆசிகள் உண்டு, மறுப்பு வந்த பிறகு.

இப்படிக்கு,
உங்கள் மதிப்புக்குரிய (என நம்பும்) அத்தான்

பின்குறிப்பு: டேய் மச்சான், உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது உன் அக்கா வந்து ஃபோனை மூக்குக்கு நேரே நீட்டினாள். நீ நேற்று ராத்திரியே ஒரு மறுப்புப் போட்டிருக்கிறாய். நான்தான் கோபத்தில் குழுவைத் திறக்கவே இல்லை. 'முக்கிய அறிவிப்பு! அது ஆண் அல்ல! கடைகளின் எடை மோசடியைப் பிடிக்க வேடமிட்டு வரும் ரகசியப் பெண் அதிகாரி! என் அத்தானிடம் பயிற்சி பெற்றவர்! நேரில் விசாரித்து உறுதிசெய்யப்பட்டது! வியாபாரிகளே உஷார்! பகிரவும்!' நேரில் விசாரித்தவன் நான். என்னைக் கேட்டிருந்தால் இதில் 'பெண்' என்ற ஒன்றைத் தவிர எல்லாம் பொய் என்று சொல்லியிருப்பேன். நான் எழுதிய உண்மையைப் படிக்க ஆளில்லை. நீ எழுதிய இது காலைக்குள் கடைத்தெரு முழுவதும் போய்விட்டது.

உன்னைத் திட்டுவதா, வாழ்த்துவதா என்று எனக்குத் தெரியவில்லை. விடிந்ததும் கடைக்காரர்கள் எல்லாரும் அந்தக் கம்பெனிக்கு ஃபோன் பண்ணி, 'உடனே ஆள அனுப்புங்க, தராசு சரி பண்ணணும், அந்த மேடத்தையே அனுப்புங்க' என்று கெஞ்சியிருக்கிறார்கள். முதலாளி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வெளி வேலைக்கு அனுப்பிவிட்டாராம். கடைத்தெருவில் பர்தா அணிந்த பெண் யார் வந்தாலும் நாற்காலி போடுகிறார்களாம். உன் அக்கா, 'போதும், அந்தப் பொண்ணுக்கு வேலை கெடச்சிடுச்சு, நீங்க உங்க வாய வெச்சுக்கிட்டு சும்மா இருங்க' என்றாள். இருந்திருப்பேன். அப்போதுதான் அந்தப் பெண்ணே கூப்பிட்டார்.

"சார், எங்க அம்மாவுக்கு இன்னிக்கு முதல் தடவையா ஒரு கிலோ வெங்காயம் ஒரு கிலோ இருந்துச்சு. மேல ரெண்டு போட்டும் குடுத்தாங்களாம்" என்றார்.

"சந்தோஷம்தானேம்மா?"

"எங்க அம்மாவுக்கு சந்தோஷம். எனக்கு பயமா இருக்கு சார். நான் அதிகாரி இல்லன்னு தெரிஞ்சா அதிகாரி வேஷம் போட்டேன்னு இன்னொரு வீடியோ எடுப்பாங்க. முதல்ல ஆம்பளைன்னாங்க. இப்ப ஆபீசருங்கறாங்க. தராசு ரிப்பேர் பண்றவன்னு மட்டும் ஒருத்தர் வாய்லயும் வரமாட்டேங்குது."

ஆகவே மேலே நான் எழுதியதை எல்லாம் தள்ளிவிடு. மன்னிப்பு வேண்டாம், உறுதிமொழி வேண்டாம், எனக்காக ஒரு வார்த்தையும் வேண்டாம். இதை மட்டும் போடு: 'வீடியோவில் இருப்பவர் ஒரு பெண். தராசு பழுது பார்ப்பவர். என் கடைக்கும் அவர்தான் வருகிறார்.' ஆச்சரியக்குறி கூடாது. உஷார் கூடாது. யாரும் பகிர மாட்டார்கள். அதனால் என்ன, போடு.